என்னன்னு கேக்கட்டும்?

அவர் ஜெபம் பண்ணுவதைக் கேட்டால், ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு வழி சொல்வதுபோல இருக்கும்.

"ஆண்டவரே, பெருமாள்மலை ஜங்ஷன்ல, டீக்கடைக்கு எதுத்தாப்ல இருக்க ஒர்க்ஷாப்புல இந்தத் தங்கச்சி வீட்டுக்காரரோட வேன் மூணு நாளா கெடக்கு. திண்டுக்கல்லுல இருந்து கியர்பாக்ஸ் வரணும். வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள வந்துட்டா சனி, ஞாயிறு சவாரி தப்பாது. வரப் பண்ணும். ஆமென்."

அவ்வளவுதான். கண்ணைத் திறந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அந்தத் தங்கச்சி நான்தான். கல்யாணமாகி கொடைக்கானலுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதே லாட்ஜின் கீழ்த்தளத்தில் துணி அறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். விரிப்பு, தலையணை உறை, கம்பளி, துண்டு எல்லாம் அவர் பொறுப்பு. நான் சேர்ந்த இரண்டாவது வாரம், மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு வந்து நின்றார்.

"நீ சபைக்குப் போற பிள்ளதான? மூணு மணிக்கு எங்க சர்ச்சுல பொம்பளைங்க ஜெபம் இருக்கு. வா."

சர்ச்சுக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில் புதன்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். லாட்ஜ்களில் அறை துடைப்பவர்கள், பள்ளி மெஸ்ஸில் சமைப்பவர்கள், சாக்லேட் கடையில் நிற்கும் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். பாயில் வட்டமாக உட்கார்ந்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். என் முறை வந்தபோது எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். "எங்க குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் ஆட்டவில்லை.

"குடும்பத்துல யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்க்கா."

"எல்லாருக்கும் என்ன?"

"ஆசீர்வாதமா இருக்கணும்..."

"அது சரி. இப்ப என்னன்னு கேக்கட்டும்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். அதுதான் அந்த வேன். அவர் ஜெபித்து முடித்ததும் டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏன்மா, ஆண்டவருக்கு ஜங்ஷன், டீக்கடை எல்லாம் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும் டீச்சர். நமக்குல தெரியல."

அப்படிச் சொல்லிவிட்டு வட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "நாளைக்குத் திண்டுக்கல்லுல இருந்து யாரு வீட்டு வண்டி மேல வருது?" சாக்லேட் கடைப் பெண்ணின் தம்பி காய்கறி இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்புவதாகத் தெரியவந்தது. வியாழக்கிழமை மாலையே கியர்பாக்ஸ் பெருமாள்மலைக்கு வந்துவிட்டது. இது ஜெபமா, ஏற்பாடா என்று அன்றைக்கே எனக்குள் ஒரு கேள்வி கிளம்பியது. அவரைத் தெரிந்திருந்த அத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடமே ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் வேற வேறயா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு மடிக்க வேண்டிய விரிப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

குள்ளமான உருவம். ஆண்கள் போடும் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை வருஷம் முழுவதும் போட்டிருப்பார். எங்கள் ஊரில் துணி காய்ந்துவிட்டதா, வெறும் குளிர்ச்சிதானா என்று கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அவர் ஒவ்வொரு விரிப்பையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரமென்றால் மறுபடி கொடிக்குப் போகும். எதையும் எழுதி வைக்கமாட்டார். ஆனால் போன புதன்கிழமை யார் என்ன கேட்டார்கள் என்பது அடுத்த புதன்கிழமை அப்படியே வரும். "வந்துச்சா?" "வலி நின்னுச்சா?" "அந்தாளு பேசுனாரா?" இல்லை என்றால் முகம் வாடாது. "சரி, வேற மாதிரி கேப்போம்" என்பார்.

இப்போது அவர் கொடைக்கானலில் இல்லை. வேலையை விட்டுவிட்டு மன்னவனூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். பெயரைப் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால் எழுதவில்லை.

கூக்காலிலிருந்து ஒரு அக்கா மாதத்துக்கு ஒருமுறை ஜெபத்துக்கு வருவார். பஸ் குறைவான ஊர் என்பதால் அதற்குமேல் முடியாது. ஒரு புதன்கிழமை அவர், "பயணத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றார்.

"எந்தப் பயணம்? எந்த பஸ்ஸு? எத்தன மணிக்கு?"

ஒவ்வொன்றாகக் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் திண்டுக்கல்லில் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். கூக்காலின் முதல் பஸ்ஸைப் பிடித்தால் போய்ச் சேரவே மதியமாகிவிடும். அந்த அக்கா அதைச் சொல்லவில்லை. பஸ் எப்படியாவது வேகமாகப் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு வேகமா ஜெபிச்சாலும் அந்த பஸ் பத்து மணிக்குப் போகாது" என்றார் எங்கள் அக்கா. "ஞாயித்துக்கெழமயே பிள்ளையக் கூட்டிட்டு வந்து எங்கூட தங்கு. வெள்ளனே மொத பஸ்ஸப் பிடிச்சிரலாம்." அப்படியே நடந்தது. அந்தப் பெண் இப்போது மதுரையில் நர்ஸ்.

இவ்வளவும் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விகளால் ஒருமுறை பெரிய சங்கடமும் வந்தது.

டீச்சர் எப்போதும் ஒரே விஷயத்துக்காகத்தான் ஜெபிக்கச் சொல்வார். "மனசமாதானத்துக்காக." அவர் மேல் இருந்த மரியாதையால் யாரும் மேற்கொண்டு பேசமாட்டோம். ஒரு மழைக்காலப் புதன்கிழமை எங்கள் அக்கா கேட்டுவிட்டார்.

"யாரோட சமாதானம் இல்ல டீச்சர்?"

டீச்சரின் உதடு இறுகியது. "இது ஜெபக்கூட்டமா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார். குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட நாங்கள் உட்காரும் பக்கம் வராமல் முன்வரிசைக்குப் போய்விடுவார்.

மற்ற பெண்கள் அக்காவை விட்டுவைக்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஜெபம் ஒரு சாக்கு என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். எனக்கும் அந்தச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் நான் பார்த்தவரை, அவர் காதில் விழுந்த எதுவும் இன்னொருவர் காதுக்குப் போனதில்லை. லாட்ஜில் எத்தனையோ மதியங்கள் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை விழாது.

இரண்டு மூன்று முறை அவர் டீச்சர் வீட்டு வாசல் கேட் வரைக்கும் போய்த் திரும்பினார் என்று பிறகு தெரிந்தது. "கேட்டது தப்பில்ல. எல்லாரும் பாக்கக் கேட்டேன் பாரு, அதான் தப்பு" என்றார் என்னிடம். அன்றிலிருந்து வட்டத்தில் அவர் யாரையும் கேள்வி கேட்பதில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில், தனியாக நடக்கும்போதுதான் கேட்பார்.

அப்படித்தான் என்னையும் கேட்டார்.

எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. சபையில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும் யாராவது ஒருவர், "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்குப் பிள்ளைப் பாக்கியம் தாரும்" என்று உருக்கமாக ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். பிள்ளை இல்லாதது ஒரு வலி. பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு என் வயிற்றைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறொரு வலி. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தலை கனக்க ஆரம்பித்துவிடும். ஆனால் இதை யாரிடம் சொல்வது? எல்லாரும் அன்பினால்தானே செய்கிறார்கள்.

அன்றைக்கு ஏற்றத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. அவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"புதன்கெழமயானா உன் மொகம் சுருங்கிப்போகுது பிள்ள. உனக்கு என்னன்னு கேக்கட்டும்?"

இருவரும் மேலே நடந்தோம். பள்ளிக்கூட மதில் முடியும் இடத்தில் நான் சொன்னேன். "இனிமே எனக்குப் பிள்ள கேக்க வேணாம்னு கேளுங்க."

சொல்லிவிட்டுப் பயந்துபோனேன். பாவமான வார்த்தை பேசிவிட்டேனோ என்று இருந்தது.

"உனக்கு வேணாமா?"

"வேணும்க்கா. ஆனா வாரா வாரம் கேட்டு, வாரா வாரம் இல்லன்னு பதில் வர்ற மாதிரி இருக்கு. என்னால தாங்க முடியல."

அவர் நடுரோட்டிலேயே கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு உமக்குத் தெரியும். நாங்க இனி அத வாய்விட்டுக் கேக்கல. இவ புதன்கெழம பயமில்லாம வந்து உக்காரணும். இப்பத்திக்கு அது மட்டும் குடும். ஆமென்."

அடுத்த புதன்கிழமைக்குள் அவர் ஒவ்வொருவரிடமும் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மெஸ்ஸில் சமைக்கும் பாட்டியம்மா மட்டும் பழக்கத்தில், "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கு..." என்று ஆரம்பித்துவிட்டார். யாரோ இருமினார்கள். பாட்டியம்மா ஒரு நொடி நிறுத்தி, "...லாட்ஜுல நல்ல மேனேஜர் கெடைக்கணும்" என்று முடித்தார். நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்களுக்கு இன்றுவரை பிள்ளை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமைக்கும் நான் பயந்ததில்லை.

இப்படி எல்லாரையும் கேட்டவர், தன் முறை வரும்போது ஒரே வார்த்தைதான் சொல்வார். "எனக்கு ஸ்தோத்திரம் மட்டுந்தான்." நன்றி சொல்வதோடு சரி. ஒன்றுமே வேண்டாதவராக ஒருவர் இருக்க முடியுமா? அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் எப்போதோ இறந்துவிட்டார். குடியிருந்தது வாடகைக்கு ஒற்றை அறை. எனக்கு அது தீராத ஆச்சரியமாக இருந்தது.

அந்த வருஷம் மே மாதச் சீசன் கூட்டத்தில் ஓர் அறையிலிருந்து புகார் வந்தது. விரிப்பில் தேநீர்க் கறை. ஒரு வாரத்தில் இன்னொரு புகார். மேனேஜர் வரவேற்பு மேசைக்கு முன்னாலேயே அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இன்னொரு தடவை வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு கீழே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். ஜன்னலோரம் நின்று ஒரு தலையணை உறையைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"யாரு?"

நான் நாலடி தூரத்தில் நின்றேன்.

"அக்கா, கண்ணு தெரியலையா?"

"மூடுபனி."

வெளியே நல்ல வெயில்.

அவர் துணிமூட்டை மேல் உட்கார்ந்தார். ஒரு வருஷமாகவே மங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். கறையைப் பார்க்க முடியாததால் மோந்தும் தடவியும் கண்டுபிடித்துச் சமாளித்து வந்திருக்கிறார்.

"இத்தன பேருக்கு வாய் வலிக்கக் கேட்டீங்களே, இத ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

உறையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "ஒருதரம் கேட்டேன் பிள்ள. எங்க வீட்டுக்காரர் கேரட் லோடு ஏத்திட்டுப் போன லாரி மலைப்பாதையில கவுந்து, ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. நடக்கணும்னு கேக்கல. கை வேணும்னு கேக்கல. உசுரு மட்டும் இருக்கட்டும்னு கேட்டேன். குடுக்கல." உறையை மடித்து மடியில் வைத்தார். "மத்தவங்களுக்குக் கேட்டு இல்லன்னா, வேற மாதிரி கேப்போம்னு சொல்லிருவேன். எனக்குன்னு கேட்டு இன்னொரு தரம் இல்லன்னுட்டா எனக்குக் கோவம் வந்துரும். அவருகிட்டக் கோவிச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்று சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஏற்கெனவே மதுரையில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த வழியெல்லாம் அவருக்குத் தெரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், வேறு யாரையும் எனக்குத் தோன்றவில்லை. அக்காவின் கணவர் விஷயத்தைச் சொல்லவில்லை. கண்ணைப் பற்றியும் மேனேஜர் போட்ட சத்தத்தைப் பற்றியும் மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"தெரியல டீச்சர்."

"சர்க்கரை இருக்கா? லீவு எத்தன நாள் குடுப்பாங்க? கூட இருக்கறதுக்கு யாரு இருக்கா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

மறுநாள் மதியம் டீச்சர் லாட்ஜுக்கே வந்தார். துணி அறையின் கதவில் நின்றார். இருவரும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா ஆள் யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் டீச்சர். "திங்கட்கெழம ஆறு மணி மதுர பஸ். பையில ரெண்டு சேலை எடுத்து வைங்க."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மங்கிய கண்ணாலும் நன்றாகவே முறைக்க முடிந்தது. "டீச்சர், நான் இதைக் கேக்கவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்க வேணாம். நாங்க கேட்டுக்கறோம். இல்லன்னு வந்தா நாங்க கோவிச்சுக்கறோம்" என்றேன் நான். டீச்சருக்கு அது புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. ஸ்வெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்ற மேனேஜரிடம், துணி அறை ஒரு நாளும் பூட்டிக் கிடக்காது என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. அக்கா லீவில் இருந்த பதினைந்து நாளும் புதன்கிழமைப் பெண்கள் தங்கள் சோலியை முடித்துவிட்டு இரண்டிரண்டு பேராக வந்து துணி மடித்தார்கள். பாட்டியம்மாகூட வந்து, மடிப்பு சரியில்லை என்று எங்களைத் திட்டினார். கூக்கால் அக்கா ஒரு பை நிறையக் கேரட்டோடு வந்து இறங்கி, சொட்டு மருந்து போட அவர் அறையிலேயே நாலு நாள் தங்கினார்.

ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து அவர்களைக் கூட்டிவரும் நாளில் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் சவாரி அமைந்தது. நானும் போனேன். திரும்பும்போது நாங்கள் முன்னால். அவர்கள் இருவரும் பின் சீட்டில். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மலை ஏற ஆரம்பித்ததும் டீச்சர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். "என் தங்கச்சி..." என்பது மட்டும் என் காதில் விழுந்தது. வேன் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நான் மெதுவாகக் குறைத்தேன். இத்தனை நாளாக எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பாட்டை முன்னைவிடக் கூட்டி வைத்தேன். வேனின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபோது அக்காவின் கை டீச்சரின் மடியில் இருந்தது. பெருமாள்மலை வரும்வரை டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். அடுத்த புதன்கிழமை எங்களுக்கு முன்பே வந்து பாய் விரித்து வைத்திருந்தார். அவர் தங்கைக்கும் அவருக்கும் என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மாதம் போனது. ஒரு புதன்கிழமை அக்காவின் முறை வந்தபோது ஸ்தோத்திரம் மட்டுந்தான் என்று சொல்லவில்லை. வெகுநேரம் பாயைப் பார்த்தபடி இருந்தார்.

"எனக்கு அந்த ஏரியில போட்டுல போகணும்" என்றார். "சும்மா உக்காந்து. யாரும் என்னை எதுக்கும் கூப்பிடாம. அரை மணி நேரம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஏரியைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம். போட்டில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், ஒருத்தியும் இல்லை. அது டூரிஸ்ட்டுகளுக்கானது என்றே இருந்துவிட்டோம். அன்றைக்கு ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போனோம். ஒரு போட்டில் துடுப்புப் போடுகிறவரோடு டீச்சர், கூக்கால் அக்கா, நான், அவர். மற்றவர்கள் பின்னால் இரண்டு போட்டில்.

கரையை விட்டு நகர்ந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. பார்த்தால் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார்.

"தண்ணின்னா பயமாக்கா?"

"இருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"கண்ணத் தொறக்கறதுக்கு மதுர வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். இங்க வந்து மூடிட்டு உக்காந்திருக்காங்க பாருங்க" என்று டீச்சர் சிரித்தார். போட் ஆடும் அளவுக்குச் சிரித்தார். போட்டை ஆட்டாதீங்க என்று எங்கள் அக்கா அலற, கூக்கால் அக்காவும் சேர்ந்து சிரிக்க, துடுப்புக்காரர் கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

ஏரியின் நடுவில் சத்தம் அடங்கியது. அவர் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். கரையோரம் குதிரைகள் போவதையும், சோளம் சுடும் வண்டியில் புகை எழுவதையும், தண்ணீர்மேல் பனி மெல்ல நகர்வதையும். என் கையை விட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

அரை மணி நேரம் முடிந்து போட் கரைப்பக்கம் திரும்பியது. படித்துறை நெருங்கும்போது அவர் துடுப்புக்காரரின் தோளை ஒரு விரலால் தொட்டார்.

"தம்பி, இன்னொரு சுத்து போவமா?"

தனக்கென்று அவர் கேட்டு என் காதில் விழுந்த இரண்டாவது காரியம் அது. துடுப்புக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். போட் திரும்பியது.